வேகம் யாருக்கு? விபத்து யாருக்கு?

நகரத்துக் கார்ப் பட்டறைகளின் வாசலிலே இப்பொழுதெல்லாம் பலகைகள் தொங்குகின்றன. "30 நிமிடத்தில் பிரேக் வேலை!" "காத்திருக்கும் நேரத்திலேயே சர்வீஸ்!" "10 நிமிடத்தில் பங்க்சர்!" பலகையைப் படிக்கும் கார்க்காரர் மகிழ்கிறார். பலகையைத் தொங்கவிட்ட முதலாளி அதைவிட மகிழ்கிறார். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு காருக்கடியில் மல்லாந்து கிடக்கும் தொழிலாளி மகிழ்கிறானா என்று கேட்பார்தான் இல்லை. நாம் கேட்கிறோம்.

ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் ஏட்டுக்குக் கார்ப் பட்டறையில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். வேலை நிறைய உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டும் போன ஆண்டுகளிலே லயத்துப் பிள்ளைகள் பலர் பட்டணத்துப் பட்டறைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தனர். தந்தை பால் வெட்டும் கத்தி பிடித்தார். மகன் ஸ்பேனர் பிடித்தான். அது மட்டுமல்ல. பட்டறையில் பழுதுபார்த்து வெளியே வரும் லோரியிலும் பஸ்ஸிலும் ஏறிப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் நாமும் நம் பிள்ளைகளுமே. ஆகவே இது நம் வீட்டு விவகாரம்.

"இந்தக் காலத்துப் போர்மன்களுக்கு அக்கறை கிடையாது. அரைகுறை வேலை. இன்று எடுத்துவந்த கார் அடுத்த வாரம் மறுபடி அங்கேயே நிற்கிறது" என்று குறை கூறாத கார்க்காரர் இல்லை. பட்டறை முதலாளிமாரும் இந்தப் பல்லவிக்குத் தாளம் போடுகின்றனர். "என்ன செய்வது ஐயா, நல்ல ஆள் கிடைப்பதில்லை" என்று பெருமூச்சு விடுகின்றனர். அரைகுறை வேலை நடக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தக் குற்றத்தை யார் தலையில் ஏற்றுவது என்பதிலேதான் நாம் வேறுபடுகிறோம். தொழிலாளியின் கையைச் சோதிக்குமுன் அவனுடைய சம்பளச் சீட்டைச் சோதியுங்கள் என்கிறோம்.

கார்க் கம்பெனிகள் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் குறித்துப் புத்தகம் போட்டிருக்கின்றன. பிரேக் கட்டை மாற்ற இத்தனை நேரம், தண்ணீர்ப் பம்பு மாற்ற இத்தனை நேரம் என்று கணக்கு. அமெரிக்காவில் பல பட்டறைகளிலே தொழிலாளிக்குக் கூலி இந்தப் புத்தக மணிக்குத்தான். அவன் உண்மையில் உழைத்த மணிக்கு அன்று. புத்தகத்தில் 2 மணி என்று எழுதிய வேலையை ஒன்றரை மணியில் முடித்தாலும் 2 மணிக் கூலி. துருப்பிடித்த போல்ட்டு ஒன்று முறிந்து, அதைத் துளைபோட்டு எடுத்து, 4 மணி ஆனாலும் அதே 2 மணிக் கூலி. கோளாறு எங்கே என்று தேடிய நேரத்துக்குப் பல சமயங்களில் கூலியே இல்லை. உதிரிச் சாமான் வரும்வரை காத்து நின்ற நேரம் காற்றோடு போயிற்று. செய்த வேலை சரியில்லை என்று கார் திரும்பி வந்தால், மறுபடி செய்து கொடுக்கும் நேரமும் அப்படியே.

நம் நாட்டிலே இம்முறை இதே உருவில் எல்லா இடத்திலும் இல்லை. ஓரிடத்தில் கமிஷன் என்பார்கள். ஓரிடத்தில் நாளைக்கு இத்தனை கார் என்பார்கள். வேறோரிடத்தில் பெயரே இல்லாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் முதலாளி நிற்பார். பெயர் எதுவானால் என்ன? எண்ணிக்கைக்குத்தான் காசு.

"திரும்பி வந்த வேலைக்குக் கூலி இல்லை என்றால்தான் தொழிலாளி கவனமாகச் செய்வான்" என்று முதலாளிமார் வாதிக்கின்றனர். கேட்பதற்கு நியாயம்போல் இருக்கிறது. ஆனால் பட்டறை வேலையில் எந்தத் தவறு ஒரு வாரத்தில் திரும்பி வரும்? கழன்ற குழாய் திரும்பி வரும். ஒழுகும் எண்ணெய் திரும்பி வரும். பிரேக் பிடிப்பான் நகரும் ஊசியைத் துடைத்துக் கிரீஸ் பூசாமல் விட்டது பல மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போது ஒரு பக்கக் கட்டை மட்டும் தேய்ந்து, கார் வேறொரு பட்டறையில் நிற்கும். இந்தத் தண்டனை தொழிலாளிக்கு நல்ல வேலையைக் கற்பிக்கவில்லை. எந்த வேலையை விட்டால் உடனே தெரியாது என்பதைத்தான் கற்பிக்கிறது. பாடம் நடத்தியவர் யார்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பாடம் சொல்லி விளக்கவேண்டியதில்லை. பால் வெட்டும்போது மரத்தின் உயிர்த்தோலுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் கனம் பட்டையை விட்டுத்தான் கத்தி ஓடவேண்டும். கத்தி ஆழமாகப் பாய்ந்தால் அன்றைக்குப் பால் குறையாது; கூடினாலும் கூடும். காயம் பட்ட இடத்தில் கணு கணுவாகப் பட்டை வளர்ந்து, ஏழெட்டு ஆண்டு கழித்து அந்தப் பக்கம் மறுபடி வெட்டுக்கு வரும்போதுதான் சேதம் தெரியும். நிறைக்குக் காசு, மரக் கணக்குக்குக் காசு என்று விதித்துவிட்டு, வானம் கறுப்பதற்குள் நூற்றுக்கணக்கான மரங்களை முடிக்கச் சொல்லிவிட்டு, "ஏன் மரத்தில் காயம்?" என்று மண்டோர் கேட்பதை நாம் கேட்டவர்கள்தாமே! கத்திக்கு நடந்த நியாயம்தான் இன்று ஸ்பேனருக்கும் நடக்கிறது.

இனி அந்தப் 10 நிமிடப் பங்க்சரை எடுத்துக்கொள்வோம். டயர் நமக்குச் சொந்தமான பொருள் என்று சொல்லிக்கொள்ளலாம். லோரி டயரில் கார் டயரைக் காட்டிலும் இயற்கை ரப்பர் அதிகம். அதாவது நம் கைபட்ட பால் அதிகம்.

ஆணி குத்திய டயரைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, டயர் வண்டியிலேயே இருக்க, வெளியிலிருந்து ஆணியைப் பிடுங்கி, ஒட்டும் கயிறு ஒன்றைக் குத்தி நுழைத்து, மிச்சத்தை அறுத்துவிட்டுக் காற்றடித்து அனுப்புவது. 10 நிமிடம் தாராளம். மற்றொன்று, டயரை வட்டிலிருந்து கழற்றி உட்புறத்தைப் பார்ப்பது. ஏன் பார்க்கவேண்டும்? காற்று இறங்கிய டயரில் சிறிது தூரம் வண்டி ஓடியிருந்தாலும் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளுக்குள்ளே சிதைந்திருக்கலாம். உள்ளே கை விட்டால் கறுப்புத் தூள் ஒட்டும். வெளியே பார்த்தால் டயர் புதுமாப்பிள்ளைபோல் நிற்கும்! அந்த டயருக்குக் கயிறு குத்திக் காற்றடித்தால், நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வெடிப்பதற்கு நாள் குறித்து அனுப்பியதாகும்.

உட்புறம் நன்றாக இருந்தால், ஓட்டையைத் துளைத்துச் சுத்தம் செய்து, உள்தோலை உராய்ந்து, சொல்யூஷன் பூசி, அது காயும்வரை காத்திருந்து, தண்டும் ஒட்டும் சேர்ந்த துண்டை உள்ளிருந்து இழுத்து, உருளையால் அழுத்தவேண்டும். ஓட்டை 6 மில்லிமீட்டருக்குமேல் பெரிதானாலும், பக்கச் சுவரில் இருந்தாலும் கைவைக்கவே கூடாது, டயரை மாற்றவேண்டியதுதான். உள்ளே ஒட்டுப் போடாமல் வெறும் கயிறு மட்டும் குத்தினால், ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். நமது மழையைப்பற்றிச் சொல்லவா வேண்டும்?

இந்த இரண்டு வழிகளுக்கும் இடையிலே உள்ளது ஏறக்குறைய அரை மணி நேரம். அதில் முக்கியமான பகுதி சொல்யூஷன் காயக் காத்திருக்கும் சில நிமிடங்கள். அந்த நேரத்தில் தொழிலாளி சும்மா நிற்பதுபோல் தோன்றும். ஈரத்தில் அழுத்தினால் ஒட்டாது என்பது ரப்பரின் குணம். அதை மிரட்டி மாற்ற முடியாது. சும்மா நிற்கும் தொழிலாளியைச் சகிக்காத முதலாளியும், எண்ணிக்கைக்குக் காசு பெறும் தொழிலாளியும் சேர்ந்தால் ஈர சொல்யூஷன்மீதுதான் ஒட்டு விழும்.

சக்கர நட்டுகளும் அப்படியே. காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்" என்று ஐந்து நட்டுகளையும் முடுக்கிவிட்டு அடுத்த காருக்குப் போகலாம். ஒழுங்கான வேலை என்றால், எதிரெதிராக நட்சத்திர வரிசையில் முடுக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால் முடிக்கவேண்டும். லோரிச் சக்கரமானால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் இறுக்கம் பார்க்கவேண்டும். இந்த இரண்டாம் பார்வைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அந்த எண்ணெய் கொதித்து ஆவியாகும், ஆவி நசுங்கும், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. கட்டையை மாத்திரம் மாற்றி, பழைய எண்ணெயை அப்படியே விட்டால் 30 நிமிடத்தில் வேலை முடியும். சமவெளியில் ஓட்டிப் பார்க்கிறவருக்கு வித்தியாசமும் தெரியாது. எண்ணெயை வடித்து, புதிது ஊற்றி, நான்கு சக்கரத்திலும் காற்றெடுத்து, வண்டியை ஓட்டி நிறுத்திப் பார்க்க மேலும் நேரம் பிடிக்கும். பலகையில் அந்த நேரம் எழுதப்படவில்லை.

2013 ஆகஸ்டு 21-ல் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம். பிரேக் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்பது பின்னர் வந்த விசாரணையில் வெளியாயிற்று; அளவுக்கு மீறி ஆட்களையும் ஏற்றியிருந்தனர். அந்த பஸ்ஸின் பிரேக்கை அவசரக் கை ஒன்று கெடுத்தது என்று நாம் கூறவில்லை. பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு மணியையும் நட்டம் என்று எழுதும் கணக்குப் புத்தகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா என்றுதான் கேட்கிறோம். வணிக வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்பது சட்டம். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவிலே இருக்கும் நாட்களில் பயணிகளைக் காப்பது பட்டறைத் தொழிலாளியின் கைதான்.

எண்ணிக்கைக் கூலி இன்னொரு நோயையும் கொண்டு வரும். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் சியர்ஸ் என்னும் பெரும் கம்பெனி தன் கார்ப் பட்டறைகளில் ஊக்கக் கூலி முறையைப் புகுத்தியது. மெக்கானிக்குகளுக்கு முடிக்கவேண்டிய வேலையின் அளவு உயர்த்தப்பட்டது. வேலை பிடித்துக் கொடுக்கும் ஆலோசகர்களுக்குக் கமிஷனோடு, இத்தனை பிரேக் வேலை, இத்தனை முட்டுத்தாங்கி விற்றாகவேண்டும் என்று இலக்கும் விதிக்கப்பட்டது. 1992-ல் கலிபோர்னியா அரசு ஆட்களை வாடிக்கையாளர்போல் அனுப்பிச் சோதித்ததில், பத்தில் ஒன்பது தடவை தேவையற்ற வேலையைச் செய்து காசு வாங்கியது அம்பலமாயிற்று. 40-க்கு மேற்பட்ட மாநிலங்களில் புகார்கள் எழுந்தன. அத்தனை ஊர்களில் அத்தனை தொழிலாளர்களும் ஒரே நேரத்தில் திருடர்களாகிவிட்டனரா? அக்கம்பெனியே ஆலோசகர்களின் கமிஷனை ரத்து செய்தது. கம்பெனிக்குப் புரிந்தது, நம் ஊர்ப் பட்டறை முதலாளிமாருக்கு எப்போது புரியும்?

தொழிலாளிகள் வாய்மூடி இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு கார் விற்பனைப் பட்டறையின் தொழிலாளர் வழக்குத் தொடுத்தனர். கார் இல்லாத நேரத்திலும் பட்டறையை விட்டுப் போகக்கூடாது, ஆனால் அந்த நேரத்துக்குத் தனிக் கூலி இல்லை என்பது அவர்கள் குறை. 2013-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், காத்திருக்கும் நேரத்துக்கும் தனியே குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016 தொடக்கத்திலிருந்து அம்மாநிலத்தில் சட்டமே வந்துவிட்டது: எண்ணிக்கைக் கூலிக்காரனுக்கும் ஓய்வு நேரத்துக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் தனிச் சம்பளம் உண்டு. 2017-ல் சிக்காகோ வட்டாரத்தில் ஏறத்தாழ 2,000 மெக்கானிக்குகள் தங்கள் சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். வேலை வந்தாலும் வராவிட்டாலும் வாரத்துக்கு இத்தனை மணிக்குச் சம்பளம் உறுதி என்னும் அளவை உயர்த்தவேண்டும் என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. ஆகஸ்டில் இறங்கியவர்கள் வாரக் கணக்கில் நின்றனர். சங்கம் இருந்தது, நின்றனர். நம் பட்டறைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சங்கம் இருக்கிறது? மூவரும் நால்வரும் வேலை செய்யும் சிறு பட்டறைகளில் சங்கம் என்ற சொல்லை உச்சரித்தாலே அன்றோடு கணக்கு முடிந்தது.

"போட்டி உலகம் ஐயா, வேகம் இல்லாவிட்டால் கடையை மூடவேண்டும்" என்பது அடுத்த வாதம். வேகத்துக்கு நாம் விரோதிகள் அல்லர். மெத்தனத்துக்குத் தரம் என்று பெயர் சூட்டிக்கொண்டு, காலையில் தொடங்கிய எண்ணெய் மாற்றத்தை மாலைத் தேநீர்வரை இழுப்பவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கைதேர்ந்த தொழிலாளி வேகமாகவே செய்வான். எந்தப் போல்ட்டை முதலில் தொடவேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

வேகத்தின் சிகரத்தையே பார்ப்போமே. 1999 முதல் 2017 வரை நம் செப்பாங்கில் உலகக் கார்ப் பந்தயம் நடந்தது. அப்பந்தயங்களில் நான்கு சக்கரங்களை மாற்றி அனுப்புவதைக் கண்டு பிரமிக்காதவர் யார்? 2023-ல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் குழு அதை 1.80 விநாடியில் முடித்தது. ஆனால் அங்கே ஒரு காரைச் சுற்றி நின்றவர்கள் ஏறத்தாழ இருபது பேர். ஒரு சக்கரத்துக்கு மூவர்: ஒருவர் நட்டுக்கு, ஒருவர் கழற்ற, ஒருவர் மாட்ட. அவர்கள் அதே ஒரு வேலையை ஆயிரம் தடவை பழகியவர்கள். பழகிய நேரத்துக்கும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. நம் முதலாளிக்கு இருபது பேரின் வேகம் வேண்டும். சம்பளம் மட்டும் ஒருவனுக்கு!

கார்க்காரர்களிடமும் நமக்கு ஒரு சொல் உண்டு. அவர்களில் நம்மவரும் அடக்கம். திங்கட்கிழமை அதிகாலை வேலைக்குப் போகவேண்டும், இருப்பது ஒரே மோட்டார் சைக்கிள், ஞாயிறு மாலைக்குள் முடித்துக் கொடு என்று கெஞ்சும் தொழிலாளியை நாம் குறைகூற மாட்டோம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் என்ற பயம்தான் அவன் குரலில் ஒலிக்கிறது. அங்கே ஒரு பயமும் இங்கே ஒரு பயமும் சந்தித்துப் பேரம் பேசுகின்றன. ஆனால் காப்பிக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அரட்டையடிக்க முடிகிறவர், பட்டறையில் அரை மணி பொறுக்க மாட்டேன் என்றால் அவரிடம் நமக்கு அனுதாபம் இல்லை. "எப்போது முடியும்?" என்று கேட்கும் வாய் ஒருமுறையாவது "எதையெல்லாம் பார்த்தாய்?" என்று கேட்கட்டும்.

நாம் கேட்பது பெரிய வரம் ஒன்றுமல்ல. பட்டறைக்குள் தொழிலாளி நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் அடிப்படைச் சம்பளம் வேண்டும். எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை கொடுக்க விரும்பினால் அதற்குமேல் கொடுக்கட்டும். கோளாறு தேடும் நேரம் வேலை நேரம் என்று எழுதப்படவேண்டும்; டாக்டர் நாடி பார்ப்பதற்குக் காசு கொடுக்கிறோம், மெக்கானிக் செவிகொடுத்துக் கேட்பதற்குக் கொடுக்க மாட்டோமா? பிரேக், ஸ்டியரிங், சக்கரம் ஆகிய மூன்றிலும் செய்தவன் ஒருவனாகவும் பார்ப்பவன் மற்றொருவனாகவும் இருக்கவேண்டும். இதில் பார்ப்பவனின் நேரத்துக்கும் கூலி இல்லாவிட்டால் அவன் பார்க்காமலே கையெழுத்துப் போடுவான் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

சட்டம் முழுதும் நமக்கு எதிராக இல்லை. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின்கீழ் வாரத்துக்கு 45 மணியே உச்ச வரம்பு. குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. துண்டு வேலைக்கும் கமிஷனுக்கும் உழைப்பவரும் இந்தப் பாதுகாப்புக்குள் அடங்குவர். கமிஷன்தான் உனக்குச் சம்பளம் என்று முதலாளி கூறினால், அந்தக் கமிஷன் இத்தொகைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதைப் பட்டறைப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்கட்டும். மாதச் சம்பளம் என்று தோட்டத்தில் நாம் நெடுங்காலம் கேட்டது, மழை நாளிலும் அடுப்பெரியவேண்டும் என்பதற்காகத்தான். கார் வராத நாள் பட்டறைக்கு மழை நாள்.

பட்டணத்துப் பட்டறையில் நம் கை எட்டாமற்போகலாம். தோட்டத்து லோரியில் எட்டும். பிரேக் வேலை முடிந்து லோரி வந்து நிற்கும் காலையிலே, பிரட்டு முடிந்து "ஏறுங்கள்" என்று மண்டோர் கூவுமுன், ஓட்டுநர் மூன்று கேள்வி கேட்கட்டும். யார் செய்தது? யார் பார்த்தது? ஓட்டிப் பார்த்தார்களா? வேலைப் புத்தகத்தில் மூன்றுக்கும் கையெழுத்து இருக்கவேண்டும். இல்லையென்றால் ஆட்கள் ஏறவேண்டாம்; கிளைச் செயலாளர் கிராணியிடம் போகட்டும்; லோரி களத்திலேயே நிற்கட்டும்.